தறிச் சத்தத்துக்குள்ள ஒரு காது: எங்கப்பா கேட்ட 20ஆம் நூற்றாண்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடு ஒரு காதைப் பத்தினது. எங்கப்பாவோட காது.

அப்பா 1932ல பிறந்தார், 2023ல இறந்தார். 91 வருஷம். அதுல 40 வருஷம் கோயம்புத்தூர்ல ஒரு பஞ்சாலையில, தறி ஓடுற பகுதியில வேலை பார்த்தார். எந்த மில்லுன்னு சொல்லப்போறதில்லை. ஏன்னா இது ஒரு மில்லோட கதை இல்லை. அந்தக் காலத்துல உலகத்தோட எந்த மூலையில தறி ஓட்டியிருந்தாலும் அவருக்கு இதேதான் நடந்திருக்கும்.

அவர் பாடகர் கிடையாது. எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனா கேக்கத் தெரியும். அப்படிக் கேட்டவரோட வாழ்க்கையில ரெண்டு வரலாறு ஒண்ணா ஓடுது. ஒண்ணு, பாட்டு ஒரு சாதாரண தொழிலாளியோட வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சுங்கிற வரலாறு: கிராமபோன், ரேடியோ, கேசட், போன். இன்னொண்ணு, அதே மனுஷனோட காதைத் தொழிற்சாலை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிச்சுங்கிற வரலாறு. முதல் வரலாறைப் பத்தி நிறையப் பேர் பேசியிருக்காங்க. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்க்கணும்னு எனக்குத் தோணுச்சு.

அதுக்கு எங்கிட்ட இருக்கிற ஆதாரம் 11 நோட்டு. சாதாரண கணக்கு நோட்டு. 1966லிருந்து அப்பா தான் கேட்ட பாட்டையெல்லாம் அதுல எழுதி வெச்சிருக்கார். அதுக்குப் பின்னாடி வருவோம்.

மில்லும் ஸ்டுடியோவும் ஒரே ரோட்டுல

அப்பா பிறந்தது சூலூர் பக்கம் ஒரு கிராமம். அவர் பிறந்த நேரத்துலதான் கோயம்புத்தூர் வேகமா மாறிட்டு இருந்துச்சு. முதல் பஞ்சாலை 1888லயே வந்துட்டாலும், 1930களோட தொடக்கத்துல நீலகிரியில இருந்து பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் மில்லுங்க வரிசையா முளைச்சது. நிலக்கரி வேண்டாம், கம்பி இழுத்தா போதும். சுத்துவட்டாரத்துக் கிராமங்கள்ல மழையை நம்பி இருந்த குடும்பங்கள்ல இருந்து ஒருத்தர், ரெண்டு பேர்னு மில்லுக்குக் கிளம்பினாங்க.

அதே மின்சாரம் இன்னொண்ணையும் கொண்டு வந்துச்சு. சினிமா. கோயம்புத்தூர் சினிமாவுக்கு அதுக்கு முன்னாடியே ஒரு தனிக்கதை உண்டு. திருச்சி ரயில்வேயில டிராஃப்ட்ஸ்மேனா இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து படம் காட்டுற மெஷினை வாங்கி ஊர் ஊராப் போய்ப் படம் காட்டினார். அவர்தான் 1914ல கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். இன்னைக்கும் அந்த ரோட்டுக்கு வெரைட்டி ஹால் ரோடுன்னுதான் பேர்.

1930கள்ல ஊர்த் தொழிலதிபர்கள் சிலர் சேர்ந்து சென்ட்ரல் ஸ்டுடியோவைத் தொடங்கினாங்க. திருச்சி ரோட்டுல, சிங்காநல்லூர்ல. எம்.ஜி.ஆர். கதாநாயகனா வந்த 'ராஜகுமாரி' 1947ல வந்துச்சே, அது இங்க எடுத்த படம். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைப்பாளரா இருந்ததும், எம்.எஸ். விஸ்வநாதன் சின்னப் பையனா அவர்கிட்ட எடுபிடி வேலை பார்த்துக்கிட்டே தொழில் கத்துக்கிட்டதும் இங்கதான். டி.எம். சௌந்தரராஜன் சினிமாவுக்குப் பாடின முதல் படம் 'கிருஷ்ண விஜயம்'. அது 1950ல வந்துச்சு. அந்தப் பாட்டு ஒலிப்பதிவானதும் இதே ஸ்டுடியோவுலதான்.

அப்பா மில்லுல சேர்ந்ததும் அதே 1950. வயசு 18. அவர் சைக்கிள் மிதிச்சு ஷிப்டுக்குப் போன அதே திருச்சி ரோட்டுலதான், அடுத்த முப்பது வருஷம் அவர் கேக்கப்போற பாட்டுகளோட ஆட்கள் நடந்து போயிட்டு இருந்தாங்க. அவர் யாரையும் நேர்ல பார்த்ததில்லை. "அந்த மதில் சுவத்துக்கு உள்ளார என்ன பாடறாங்கன்னு வெளிய கேக்காது கண்ணு"ன்னு மட்டும் சொல்லுவார்.

மில்லுக்கு முன்னாடி அவருக்குப் பாட்டு எப்படிக் கெடைச்சது? மூணு வழி. கோயில் நோம்பிக்கு வர்ற நாகஸ்வரம், தவில். ஊருக்கு வெளிய கொட்டகை போடுற டூரிங் டாக்கீஸ். அப்புறம் கல்யாண வீட்டு கிராமபோன். சாவி கொடுத்து முடுக்குற பெட்டி, அரக்கு இசைத்தட்டு, அடிக்கடி மாத்தவேண்டிய ஊசி. அந்தத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான் ஓடும். அதனாலதான் கச்சேரியில அரைமணி நேரம் பாடுற ராகத்தை வித்வான்கள் மூணு நிமிஷத்துக்குச் சுருக்கினாங்க. சினிமாப் பாட்டோட அளவும் அந்தத் தட்டை ஒட்டித்தான் அமைஞ்சது. நாம இன்னைக்குக் கேக்குற பாட்டு ஏறக்குறைய நாலு நிமிஷம் இருக்கிறதுல அந்த அரக்குத் தட்டோட நிழல் இன்னும் இருக்கு.

தியாகராஜ பாகவதரோட 'ஹரிதாஸ்' 1944ல வந்துச்சு. மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளியைப் பார்த்த படம். சூலூர் பக்கத்துக் கொட்டகைக்கு அது வந்து சேர்ந்தப்ப அப்பா எத்தனை தடவை பார்த்தார்னு அவருக்கே ஞாபகம் இல்லை. டிக்கெட்டோட ஒரு பாட்டுப் புத்தகமும் வாங்கியிருக்கார். அப்பல்லாம் தியேட்டர் வாசல்ல ஒவ்வொரு படத்துக்கும் பாட்டுப் புத்தகம் விப்பாங்க. அப்பா எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினது பள்ளிக்கூடப் புத்தகத்துல பாதி, பாட்டுப் புத்தகத்துல பாதி.

பாட்டு கேக்க நேரம் எங்கிருந்து வந்துச்சு?

இது யாரும் அதிகமாக் கேக்காத கேள்வி. ஒரு தொழிலாளி பாட்டு கேக்கணும்னா ரேடியோ மட்டும் போதாது. அவர் வீட்ல இருக்கணும், முழிச்சிருக்கணும்.

1922ல தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினப்ப வாரத்துக்கு அதிகபட்சம் 60 மணி நேரம் வேலைன்னு வெச்சாங்க. 1934 சட்டம் அதை, வருஷம் முழுக்க ஓடுற ஆலைகளுக்கு 54 ஆக்குச்சு. 1946ல 48 ஆச்சு. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 சட்டமும் அதே 48ஐ வெச்சுக்கிச்சு. எங்க தாத்தா தலைமுறைக்கும் அப்பா தலைமுறைக்கும் நடுவுல வாரத்துக்கு 12 மணி நேரம் தொழிலாளி கைக்கு வந்திருக்கு.

அது தானா வந்ததில்லை. கோயம்புத்தூர் மில்லுகள்ல சங்கம் வெக்கிறதுங்கிறதே உயிரைப் பணயம் வெக்கிற வேலையா இருந்த காலம் அது. சின்னியம்பாளையத்துத் தொழிலாளர்கள் நாலு பேரை ஒரு கொலை வழக்குல 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில ஒரே நாள்ல தூக்குல போட்டாங்க. மில்லுக்குள்ள நடந்த மோதல்ல இருந்து கிளம்பின வழக்கு. அப்பாவுக்கு அப்ப 13 வயசு. பக்கத்து ஊர். அந்த நாளைப் பத்திக் கேட்டா அவர் பேச்சை நிறுத்திக்குவார்.

ஆக, அப்பாவோட தலைமுறைதான் இந்த ஊர்ல வேலைக்கும் தூக்கத்துக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் மிஞ்சின முதல் மில் தலைமுறை. அந்த நேரமும் நிலையானது இல்லை. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட்னு மாறி மாறி வரும். அரை நைட்ன்னா சாயங்காலம் போய் நடுராத்திரி தாண்டி வர்றது. முழு நைட்ன்னா விடியற வரைக்கும். சாயங்கால ரேடியோ நிகழ்ச்சி ஒண்ணு பிடிச்சிருந்தாலும் அரை நைட் வந்தா அந்த வாரம் அது கிடையாது.

தறிக்கூடத்துக்குள்ள

இப்ப மில்லுக்குள்ள போவோம். பாவு நூல் நீளவாக்குல இழுத்துக் கட்டியிருக்கும். அதுக்குக் குறுக்க, ஊடை நூல் இருக்கிற நாடா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் பாயும். நாடாங்கிறது ரெண்டு முனையும் கூரான ஒரு மரக்கட்டை. அதை ஒரு கட்டை அடிச்சு அனுப்பும், மறுபக்கத்துல இன்னொரு கட்டை அடிச்சு நிறுத்தும். பழைய லங்காஷயர் வகைத் தறியில இது நிமிஷத்துக்கு 150, 200 தடவை நடக்கும். ஒரு கூடத்துல இந்த மாதிரி நூத்துக்கணக்கான தறி. சுத்தியும் சுவர், மேல தகரக் கூரை.

பக்கத்துல நிக்கிறவர்கிட்டப் பேசணும்னா கத்தினாலும் பிரயோஜனம் இல்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும். கையால சைகை பண்ணணும். இங்கிலாந்துல லங்காஷயர் நெசவாளர்கள் இதுக்குன்னே ஒரு வாயசைவு மொழி வெச்சிருந்தாங்க. கோயம்புத்தூர்லயும் தறிக்கூடத்துக்குன்னு ஒரு சைகை மொழி தானா வளர்ந்துச்சு. அப்பா வீட்டுலயும் அம்மா பேசும்போது முகத்தைப் பார்த்துத்தான் கேப்பார். அது அன்புன்னு அம்மா நெனைச்சிருந்தாங்க. அன்பும்தான், ஆனா தொழில் பழக்கமும்.

அந்தச் சத்தத்துக்குள்ள அப்பா பாடுவார். வாய்விட்டு, முழுத் தொண்டையில. யாருக்கும் கேக்காதுங்கிற தைரியம். "ஊட்ல பாடுனா உங்கம்மா சிரிப்பா, ரோட்ல பாடுனா ஊரு சிரிக்கும். தறிகிட்டப் பாடுனா தறி தாளம் போடும்"பார். அவருக்குத் தெரிஞ்சு இன்னும் பலர் அப்படிப் பாடியிருக்காங்க. ஒரு கூடம் முழுக்க ஆட்கள், ஆளுக்கொரு பாட்டு, ஒருத்தர் பாடுறது இன்னொருத்தருக்குக் கேக்காது. நினைச்சுப் பார்த்தா வினோதமான கச்சேரி.

இப்ப கொஞ்சம் கணக்கு. அந்த மாதிரி கூடத்துல சத்தம் சுமார் 100 டெசிபல் இருக்கும். தினமும் எட்டு மணி நேரம்னா 85 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு இன்னைக்கு நிபுணர்கள் பரிந்துரைக்கிறாங்க. அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாக் குறையும். அப்படிப் பார்த்தா 100 டெசிபல்ல ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் நிக்கலாம். அப்பா நின்னது எட்டு மணி நேரம். அதாவது 32 மடங்கு. தினமும். 40 வருஷம்.

காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கு. அதுல மயிரிழை மாதிரி நுனி இருக்கிற சின்னச் சின்ன செல்கள் உண்டு, ஒரு காதுக்கு 15 ஆயிரம் அளவுல. சத்தத்தை நரம்புக்குச் சொல்றது அதுங்கதான். அடிபட்டுச் செத்துட்டா மறுபடி முளைக்காது. இரைச்சல்ல முதல்ல சாகறது உச்ச ஒலிகளைக் கேக்குற செல்கள், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கிறதுங்க.

சுத்தி முழுக்கப் பஞ்சு இருந்த இடம் அது. தலையில, புருவத்துல, சட்டையில எல்லாம் பஞ்சு. காதுல வைக்க ஒரு அடைப்பான் மட்டும் இல்லை. வெறும் பஞ்சைக் காதுல திணிச்சிருந்தாலும் பெரிசா பிரயோஜனம் இருந்திருக்காது. இந்த மாதிரி சத்தத்தை அது தடுக்காது.

போனஸ்ல வந்த ரேடியோ

1965ல போனஸ் சட்டம் வந்துச்சு. அதுவரைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சண்டை போட்டு வாங்கினது அப்புறம் சட்டப்படி உரிமை ஆச்சு. அடுத்த வருஷம் 1966ல, போனஸ் பணத்துல கொஞ்சம் கடனும் சேர்த்து அப்பா ஒரு மர்பி வால்வு ரேடியோ வாங்கினார். அதே வருஷம்தான் கோயம்புத்தூர் வானொலி நிலையமும் ஆரம்பிச்சது.

வால்வு ரேடியோ போட்ட உடனே பாடாது. சூடாகணும். கூரைக்குக் கீழ வலை மாதிரி ஒரு ஏரியல் கட்டணும். அதைவிட முக்கியமா, லைசென்ஸ் வேணும். ஆமா, வீட்ல ரேடியோ வெச்சிருக்க அரசாங்கத்துக்குக் காசு கட்டணும். போஸ்ட் ஆபீஸ்ல ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பாங்க, வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டினா அதுல ஸ்டாம்ப் ஒட்டுவாங்க. 1980களோட நடுவுலதான் இந்த லைசென்ஸை எடுத்தாங்க. அப்பாவோட லைசென்ஸ் புத்தகம் இன்னும் எங்க வீட்ல, ரேஷன் கார்டோட ஒரே கவர்ல இருக்கு.

அவர் அதிகமாக் கேட்டது இந்திய ரேடியோவா? இல்லை. இலங்கை ரேடியோ. அதுக்குக் காரணம் டெல்லி. 1952ல பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்தார். சினிமாப் பாட்டு ஜனங்களோட ரசனையைக் கெடுக்குதுன்னு நெனைச்சார். அவர் காலத்துல ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமப்போச்சு, சாஸ்திரிய சங்கீதத்துக்கு இடம் கூடுச்சு. ஜனங்க என்ன பண்ணாங்க? முள்ளைத் திருகி கொழும்புக்குப் போனாங்க. ரேடியோ சிலோனோட வர்த்தக சேவை 1950லயே ஆரம்பிச்சிருந்துச்சு. இந்தி பாட்டு கேட்டவங்களுக்கும் கொழும்பு, தமிழ்ப் பாட்டு கேட்டவங்களுக்கும் கொழும்பு. 1957ல விவித பாரதியைத் தொடங்கி டெல்லி ஒருவழியா இறங்கி வந்துச்சு. ஆனா அதுக்குள்ள நம்ம ஆட்களுக்கு இலங்கைத் தமிழ் அறிவிப்பாளர்களோட குரல் பழகிருச்சு. எஸ்.பி. மயில்வாகனம், பின்னாடி கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. பாட்டோட பேர், படத்தோட பேர், பாடினவங்க, எழுதினவங்க, இசையமைச்சவங்க எல்லாத்தையும் அழகான தமிழ்ல சொல்லிட்டுத்தான் போடுவாங்க.

அந்த நோட்டு பிறந்ததே அதனாலதான். அறிவிப்பாளர் சொல்றதை அப்பா எழுதிக்குவார். பாட்டு, படம், பாடினவர், எந்த ஸ்டேஷன். கடைசியா ஒரு எழுத்து: 'ப', 'அ', இல்லைன்னா 'மு'. பகல், அரை நைட், முழு நைட். எந்த ஷிப்டு வாரத்துல அந்தப் பாட்டைக் கேட்டார்னு குறிப்பு. 'மு' போட்ட பக்கங்கள்ல நிறைய 'பொங்கும் பூம்புனல்' இருக்கு. விடிய விடிய தறி ஓட்டிட்டு வந்து, குளிச்சு, தூங்கறதுக்கு முன்னாடி கேட்ட காலை நிகழ்ச்சி.

'அ' போட்ட பக்கங்கள்ல கையெழுத்து வேற. அது அம்மாவோடது. அப்பா அரை நைட் போயிருக்கிற வாரத்துல சாயங்காலம் என்னென்ன பாட்டு வந்துச்சுன்னு அம்மா எழுதி வைப்பாங்க. நடுராத்திரிக்கு மேல வந்து, சோறு போடும்போது அப்பா கேப்பார், "இன்னைக்கு சுசீலா வந்துச்சா புள்ள?" "ரெண்டு வந்துச்சுங்க. நோட்டுல இருக்குது பாருங்க." அவர் அந்தப் பட்டியலைப் படிச்சுக்கிட்டே சாப்பிடுவார். கேக்காத பாட்டை வாசிச்சே கேட்ட மனுஷன்.

'வார்த்தை புரியலை'

1970களோட கடைசியில நோட்டுல ஒரு புதுக் குறிப்பு வர ஆரம்பிக்குது. சில பாட்டுக்குப் பக்கத்துல 'வா.பு.' அப்படின்னு ரெண்டு எழுத்து. வார்த்தை புரியலை.

முதல்ல அங்கொண்ணு இங்கொண்ணு. 1980கள்ல பக்கத்துக்கு மூணு, நாலு. அது கேசட் காலம். கடைவீதியில ரெக்கார்டிங் சென்டர் இருக்கும். அறுபது நிமிஷக் கேசட்டும் 12, 13 பாட்டுப் பேரும் எழுதிக் கொடுத்தா ரெண்டு நாள்ல பதிவு பண்ணிக் கொடுப்பாங்க. வரலாற்றுலயே முதல் தடவையா ஒரு மில் தொழிலாளி தனக்குப் பிடிச்ச பாட்டை, தனக்குப் பிடிச்ச வரிசையில, தன் ஷிப்டுக்குத் தோதான நேரத்துல கேக்கலாம். ரேடியோக்காரங்களோட நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அப்பா தன்னோட 11 நோட்டையும் புரட்டிப் பட்டியல் போட்டார். டேப் ரெக்கார்டர்ல 'டிரெபிள்'னு ஒரு குமிழ் இருக்கும். அதை எப்பவும் கடைசி வரைக்கும் திருகியே வெச்சிருப்பார்.

இப்ப அந்த மருத்துவக் கணக்கை இதோட சேர்த்துப் பாருங்க. ஸ்காட்லாந்துல டண்டீ நகரத்துச் சணல் நெசவாளர்களோட காதைச் சோதிச்சு 1965ல ஒரு ஆய்வு வெளியாச்சு. தறிச் சத்தம் நூறு டெசிபல் பக்கம். வேலைக்குச் சேர்ந்த முதல் பத்து, பதினஞ்சு வருஷத்துலயே உச்ச ஒலிகள் போயிடுது. இருபது, இருபத்தஞ்சு வருஷத்துல பாதிப்பு கீழ இறங்கி, பேச்சு கேக்குற பகுதிக்கு வருது. அப்பா மில்லுல சேர்ந்தது 1950. 'வா.பு.' அடிக்கடி வர ஆரம்பிச்சது 1970களோட கடைசியில. டண்டீ கணக்கும் எங்க வீட்டு நோட்டும் ஏறக்குறைய ஒத்துப்போகுது.

உச்ச ஒலி போனா என்ன ஆகும்? ஆ, ஈ, ஊ மாதிரி உயிரெழுத்து கேக்கும். ச, ஸ, ஷ, த, க மாதிரி எழுத்துகளோட விளிம்பு மங்கிப்போகும். மெட்டு வரும், சொல் வராது. ஜால்ரா, கஞ்சிராவோட சலங்கை, புல்லாங்குழல்ல வர்ற மூச்சு, இதெல்லாம் காணாமப்போகும். தவிலோட அடித்தட்டு இருக்கும், நாகஸ்வரம் இருக்கும், டி.எம்.எஸ். குரலோட கனம் இருக்கும். அப்பா வயசாக ஆக நாகஸ்வரத்தையும் டி.எம்.எஸ்.ஸையும் நோக்கியே போனார். ரசனைன்னு சொல்லலாம். கேக்க முடிஞ்சதை ரசிச்சார்னும் சொல்லலாம்.

'இப்ப வர்ற பாட்டுல வார்த்தையே புரியறதில்லை'ன்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. நாம அதை ரசனைச் சண்டையாத்தான் எடுத்துக்குவோம். பழசு நல்லதா, புதுசு நல்லதான்னு. சில வீடுகள்ல அது ரசனையே இல்லாம இருக்கலாம். தெரிஞ்ச பழைய பாட்டுல வார்த்தை ஏற்கனவே மனசுல இருக்கு, காது விட்டதை ஞாபகம் நிரப்பிடும். புதுப் பாட்டுல நிரப்ப எதுவும் இல்லை. 'அந்தக் காலப் பாட்டு மாதிரி வருமா'ங்கிற பேச்சுல கொஞ்சம் தறிக்கூடத்தோட பங்கும் இருக்கலாம்.

தெரிஞ்சிருந்துச்சா?

தெரிஞ்சிருந்துச்சு. அதுதான் இந்தக் கதையில கஷ்டமான இடம். 1886லயே கிளாஸ்கோவுல தாமஸ் பார்ங்கிற காது மருத்துவர், பாய்லர் செய்யற தொழிலாளர்கள் 100 பேரைச் சோதிச்சார். ஒருத்தருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை. அப்பா பிறக்கறதுக்கு 46 வருஷம் முன்னாடி.

நம்ம 1948 தொழிற்சாலைச் சட்டத்துல, மருத்துவர் கண்டுபிடிச்சா அரசுக்குத் தெரிவிச்சே ஆகணும்னு ஒரு நோய்ப் பட்டியல் இருந்துச்சு. ஈயம், பாதரசம், ஆர்செனிக், ஆந்த்ராக்ஸ், சிலிகோசிஸ் எல்லாம் முதல்லயே இருந்துச்சு. இரைச்சலால வர்ற செவிட்டுத்தன்மை பின்னாடிதான் சேர்ந்தது. ஈயம் ரத்தத்துல தெரியும், சிலிகா எக்ஸ்ரேயில தெரியும். காது வலிக்காது, ரத்தம் வராது, கொஞ்சம் கொஞ்சமாப் போகும். வயசாயிடுச்சுன்னு எல்லாரும் எடுத்துக்குவாங்க. அப்பா 1990ல, 58 வயசுல ஓய்வு பெற்றார். மாலை போட்டாங்க, பி.எஃப். பணம் வந்துச்சு. அந்த 40 வருஷத்துல ஒரு தடவைகூட யாரும் அவர் காதைச் சோதிச்சதில்லை.

இது முடிஞ்சு போன கதையும் இல்லை. பெரிய மில்லுகள்ல பழைய தறிக்கூடங்கள் பெரும்பாலும் மூடியாச்சு. தறி எங்க போச்சு? சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடங்களுக்குப் போச்சு. அதுல பல கூடங்கள்ல பத்து பேருக்கும் குறைவானவங்கதான் வேலை பார்க்கிறாங்க. 1948 தொழிற்சாலைச் சட்டம் பொதுவா, மின்சாரத்துல ஓடுற இடத்துல பத்து பேர் இருந்தாத்தான் பொருந்துச்சு. சத்தம் அதேதான். சட்டம்தான் வாசலோட நின்னுடுது.

நேரம் வந்தப்ப

ஓய்வுக்குப் பிறகு அப்பா 33 வருஷம் இருந்தார். வேலை பார்த்த காலத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். இப்ப ஷிப்டு கிடையாது. நாள் முழுக்க நேரம். எஃப்.எம். வந்துச்சு, சி.டி. வந்துச்சு, கடைசியா போன்ல உலகத்துல இருக்கிற பாட்டெல்லாம் வந்துச்சு. நேரமும் பாட்டும் நிறைஞ்சப்ப காது காலி.

காது மிஷின் வாங்கினோம். அது பேச்சுக்காகச் செஞ்சது. சின்னச் சத்தத்தைப் பெரிசாக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். பேச்சுக்கு அது சரி, பாட்டுக்கு அது கொடுமை. நாகஸ்வரம் ஏறும்போதெல்லாம் மிஷின் அமுக்கிடும். "ஏறவே உடமாட்டேங்குது கண்ணு"ன்னு கழட்டி வெச்சுடுவார்.

அவருக்கு வேற வழி இருந்துச்சு. ஸ்பீக்கர் மேல உள்ளங்கையை வெச்சுக்குவார். தாளம் கை வழியா வரும். எந்தப் பாட்டுன்னு நாங்க பேரை மட்டும் எழுதிக் காட்டினா போதும், மீதியை அவரே பாடிக்குவார். சரணம், இடையில வர்ற வயலின், எல்லாம் வரிசை தப்பாம. யாருக்கும் கேக்காதுன்னு தறிகிட்டப் பாடினவர், கடைசிக் காலத்துல தனக்கே கேக்காமப் பாடினார். எங்களுக்குக் கேட்டுச்சு. சுருதி கொஞ்சம் விலகும். வார்த்தை ஒண்ணுகூட விலகாது.

பாட்டு இருக்கு, கேட்டவங்க எங்க?

சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடங்கள்ல பழைய இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம் எல்லாம் பத்திரமா இருக்கு. பெரிய காரியம். பாடினவங்களோட வரலாறு அங்க கிடைக்கும். கேட்டவங்களோட வரலாறு? எந்த ஷிப்டு முடிஞ்சு கேட்டாங்க, யாரோட ரேடியோவுல கேட்டாங்க, எதுக்காகக் காத்திருந்தாங்க? அது எந்த நூலகத்துலயும் இல்லை. பரண் மேல, தகரப் பெட்டியில, இன்னும் உயிரோட இருக்கிற சிலரோட ஞாபகத்துல இருக்கு.

அதனால ரெண்டு வேண்டுகோள். வீட்ல பெரியவங்க இருந்தா, 'உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது'ன்னு மட்டும் கேட்டு நிறுத்தாதீங்க. எங்க நின்னு கேட்டீங்க, அப்ப என்ன வேலை பார்த்தீங்க, அந்த ரேடியோ யாருதுன்னு கேளுங்க. பதிவு பண்ணி வைங்க.

இன்னொண்ணு, இதை நீங்க ஹெட்போன்ல கேட்டுட்டு இருப்பீங்க. 12லிருந்து 35 வயசுக்குள்ள இருக்கிறவங்கள்ல 100 கோடிக்கும் மேல ஆட்களுக்குச் சத்தமாக் கேக்கிறதால செவித்திறன் போற ஆபத்து இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான் கணக்கு. எங்கப்பாவுக்கு அந்தச் சத்தத்தைக் குறைக்கிற குமிழ் கையில இல்லை. உங்க கையில இருக்கு.

அப்பாவோட கடைசி நோட்டுல பாதிக்கு மேல வெள்ளைத் தாள். அந்த 11 நோட்டையும் இப்ப ஸ்கேன் பண்ணிட்டு இருக்கேன். அம்மாவோட கையெழுத்து இருக்கிற பக்கங்களையும் சேர்த்துத்தான்.